லத்தீன் வாக்கியங்களை இயல்பான ஆங்கிலத்தில் எழுத: தமிழைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமா?

மழைமுகில் (ஹட்டன்)

வணக்கம். பல்கலைக்கழகத்தில் லத்தீனை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். வேற்றுமை அட்டவணை, வினைத் திரிபு எல்லாம் எப்போது கேட்டாலும் சொல்வேன். மொழிபெயர்ப்புத் தாள்தான் சிக்கல். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு எழுத வேண்டும். சொல்லுக்குச் சொல் அர்த்தம் போட்டு அடுக்கினால், "இப்படி யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை" என்ற குறிப்போடு கொப்பி திரும்பி வருகிறது. கூடப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கில வழியில் வந்தவர்கள். நான் தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்தவள்.

இப்போது கையில் உள்ளவை மூன்று. உச்சரிப்பைக் கத்தோலிக்கக் கோயிலில் வழங்கும் முறையில் எழுதுகிறேன்.

"ஊர்பே காப்தா, ஏனேயாஸ் ஃபூஜித்."

"டீச்சித் சே வெனிஸ்ஸே." இதோடு ஜோடியாக "டீச்சித் எயும் வெனிஸ்ஸே."

"ஃபீலியீ தூயீ, இந்தியா, அத்மினிஸ்த்ரீ திபி சலூதிஸ்." இதில் வினையே இல்லை.

சொல்லின் அர்த்தம் எல்லாம் தெரியும். எப்படி யோசிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

பண்டாரவளை ஆசிரியர்

மகள், தமிழில் படித்து வந்தது இந்தப் பாடத்தில் குறையே இல்லை. ஆங்கில வழியில் வந்த பிள்ளைகள் வேற்றுமை என்றால் என்ன என்பதையே முதலில் கற்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது நாக்கிலேயே இருக்கிறது. லத்தீனில் வேற்றுமை ஆறு, நம் இலக்கணத்தில் எட்டு. இரண்டிலும் சொல்லின் வேலையைச் சொல்வது அதன் வால்தான், அது வாக்கியத்தில் நிற்கும் இடம் இல்லை. வினையும் பெரும்பாலும் கடைசியில் வரும். நான் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியாவில் லத்தீன் படித்த காலத்திலிருந்து சொல்லி வருவது இதுதான்: முதலில் தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள், பிறகு லத்தீனை மூடி வைத்துவிட்டு ஆங்கிலத்தை எழுதுங்கள்.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். "ஊர்பே காப்தா" என்பதைப் பாடப் புத்தகங்கள் "தி சிட்டி ஹேவிங் பீன் கேப்சர்ட்" என்று சொல்லித் தரும். அது ஒரு விளக்கம். அதையே விடையாக எழுதக் கூடாது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: "நகரம் பிடிபட, ஏனேயாஸ் தப்பியோடினான்." எவ்வளவு இயல்பாக வருகிறது! "மழை பெய்ய, ஆறு பெருகியது" என்பதும் இதே அமைப்புத்தான். நன்னூல் படித்தது ஞாபகம் இருக்கும். "செய்து" என்ற எச்சம் வந்தால் இரண்டு வினையையும் ஒருவரே செய்ய வேண்டும். "செய" என்ற எச்சம் வேறொருவரின் வினையையும் ஏற்கும். லத்தீனிலும் அப்படித்தான், இந்த அமைப்புக்குள் வரும் பெயர் பொதுவாக முக்கிய வாக்கியத்தின் எழுவாயாக இருக்காது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, அதில்தான் புள்ளி போகும். "பிடித்து" என்று செய்வினையில் இறந்தகால எச்சம் சொல்ல லத்தீனில் பெரும்பாலான வினைகளுக்கு வழி கிடையாது. ஆகவே சீசரே நகரைப் பிடித்திருந்தாலும் "நகரம் பிடிபட, சீசர் முன்னேறினான்" என்றுதான் எழுதுவார்கள். அப்போது உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி: பிடித்தது யார்? எழுவாயே பிடித்திருந்தால் மனதுக்குள் "நகரைப் பிடித்துவிட்டு" என்று மாற்றிக்கொண்டு, ஆங்கிலத்தில் "ஆஃப்டர் டேக்கிங் தி சிட்டி" என்று எழுதுங்கள். வேறு யாரோ பிடித்திருந்தால் "நகரம் பிடிபட" என்றே வைத்து "வென் தி சிட்டி ஃபெல்" என்று எழுதுங்கள். ஏனேயாஸ் டிராய் நகரத்தான். பிடித்தவர்கள் கிரேக்கர். ஆகவே இரண்டாவதுதான் சரி.

"ஃபூஜித்" நிகழ்காலமா இறந்தகாலமா என்பது உயிரெழுத்தின் குறில் நெடிலில் இருக்கிறது. அச்சில் பெரும்பாலும் தெரியாது. கதையை வைத்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது ஜோடி நமக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். "சே" என்றால் தான். "எயும்" என்றால் அவன், அதாவது வேறொருவன்.

"தான் வந்ததாகச் சொல்கிறான்."
"அவன் வந்ததாகச் சொல்கிறான்."

இரண்டையும் ஆங்கிலத்தில் "ஹீ சேய்ஸ் ஹீ கேம்" என்று எழுதினால் வேறுபாடே போய்விட்டது. "தான்" என்று சொல்ல ஆங்கிலத்தில் தனிச் சொல் இல்லை. எனவே இரண்டாவதற்கு "ஹிஸ் பிரதர்", "தி மெசெஞ்சர்" என்று பந்தியில் யார் பேசப்படுகிறாரோ அவரைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். கூட்டிச் சேர்த்ததாகப் பரீட்சகர் நினைக்க மாட்டார். விளங்கிக்கொண்டதாகவே எடுப்பார்.

இன்னொன்று. சொன்னது நேற்று என்றால் லத்தீன் "டீக்ஸித் சே வெனிஸ்ஸே" என்று ஆகும். வெனிஸ்ஸே மாறாது. தமிழிலும் "தான் வந்ததாகச் சொன்னான்", வந்ததாக என்பது மாறாது. ஆங்கிலத்தில் மட்டும் "ஹேட் கம்" என்று ஒரு படி பின்னால் போக வேண்டும். இதைக் கடைசியில் ஆங்கிலம் எழுதும்போது பார்த்தால் போதும்.

மூன்றாவதற்கு இரவு வருகிறேன். அது எனக்கு நெருங்கிய வாக்கியம்.

மழைமுகில் (ஹட்டன்)

நன்றி சேர். "பிடித்தது யார்?" என்ற கேள்வியை எந்தப் புத்தகமும் இப்படிக் கேட்கவில்லை. சீசர் பந்தி ஒன்றில் போட்டுப் பார்த்தேன், "ஹிஸ் ரேபுஸ் கொஞ்ஞீதிஸ்" என்று தொடங்குவது. "இவை அறியப்பட" என்றுதான் வருகிறது. அறிந்தவன் சீசர். ஆகவே "இதை அறிந்ததும்". ஆங்கிலத்தில் "வென் சீசர் லேர்ன்ட் ஆஃப் திஸ்". சரியா?

பண்டாரவளை ஆசிரியர்

அதேதான். "ரேபுஸ்" என்பதற்கு "திங்ஸ்" என்று எழுதாமல் விட்டதும் நல்லது.

கொழுந்து (தலவாக்கலை)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த மூன்றாவது வாக்கியம் எங்கே இருக்கிறது? "இந்தியா" என்று இருக்கிறதே, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நம் ஆட்களைப் பல காலம் கணக்கெடுப்பில் "இந்தியத் தமிழர்" என்றே எழுதி வந்தார்கள். அந்தப் பெயர் கண்ணில் பட்டதால் கேட்கிறேன்.

பண்டாரவளை ஆசிரியர்

நல்ல கேள்வி தம்பி, அதிலிருந்தே தொடங்கலாம். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் கண்டியில் ஒரு குருமடம் நிறுவினார். இந்தியா, இலங்கை, பர்மா எல்லாவற்றுக்கும் சேர்த்து உள்ளூர் குருக்களை உருவாக்குவதற்காக. அங்கே கற்பித்தவர்கள் பெல்ஜிய இயேசு சபையினர். அதை நிறுவப் பாடுபட்டவர் சலேஸ்கி என்ற பாப்பரசரின் பிரதிநிதி. 1955இல் அந்தக் குருமடம் புனேக்குப் போய்விட்டது. அம்பிட்டியாவில் இப்போது இருப்பது இலங்கையின் தேசிய குருமடம். அந்தக் காலத் திருச்சபையின் பேச்சில் "இந்தியா" என்றால் நம் தீவும் அதற்குள் அடங்கும். குருமடம் தொடங்கிய நினைவுக்காக வெளியிட்ட பதக்கத்தில் இருந்த வாசகம்தான் மகள் கேட்டது.

இப்போது வாக்கியம். கொப்பியில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். மேல் வரியில் லத்தீன். சொல்லின் வாலுக்கு மட்டும் சிவப்புக் கோடு. கீழ் வரியில் அர்த்தம் எழுதாதீர்கள், தமிழ் உருபை மட்டும் எழுதுங்கள். "ஃபீலியீ" எழுவாய், பன்மை. "தூயீ" உன். "இந்தியா" விளி, ஆகவே ஏகாரம். "அத்மினிஸ்த்ரீ" மறுபடியும் எழுவாய் வடிவம், பன்மை. "திபி" கு. "சலூதிஸ்" இன். இப்படி உருபுகள் வரிசையாக நின்றதும் வாக்கியம் தானாகவே பேசும்:

"இந்தியாவே, உன் பிள்ளைகளே உனக்கு மீட்பின் பணியாளர்."

வினை இல்லை என்பது தமிழருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. "அவர் ஆசிரியர்" என்றால் அது முழு வாக்கியம். இரண்டு எழுவாய் வடிவங்கள் எதிரெதிரே நின்றால் "இவர்தான் அவர்" என்று பொருள். ஆங்கிலத்துக்குத்தான் "ஆர்" அல்லது "ஷால் பி" தேவைப்படும். வழக்கமாகச் சொல்லும் ஆங்கிலம் "ஷால் பி" என்று எதிர்காலத்தில் வருகிறது. தொடங்கும்போது சொன்ன வாசகம் ஆகையால் அது பொருத்தம்.

"பிள்ளைகளே" என்ற ஏகாரத்தைக் கவனியுங்கள். லத்தீனில் அதற்கென்று சொல் இல்லை. "ஃபீலியீ தூயீ" முதலில் நிற்பதே அந்த அழுத்தம். அதே ஆண்டு ஜூன் 24இல் லியோ எழுதிய சுற்றுமடலில், வெளியிலிருந்து வரும் குருக்களுக்கு மக்களின் மொழியும் வழக்கமும் தெரியாது, நெடுநாள் இருந்தாலும் அந்நியராகவே இருந்துவிடுகிறார்கள் என்று காரணம் சொல்கிறார். ஆக, வாக்கியத்தின் பாரம் முழுக்க "உன்" என்பதில் இருக்கிறது. வெறுமனே "யுவர் சன்ஸ்" என்றால் அது காணாமல் போகும். "யுவர் ஓன் சன்ஸ்" என்று ஒரு சொல் சேர்த்தே தீர வேண்டும். "இந்தியா, யுவர் ஓன் சன்ஸ் வில் பி தி மினிஸ்டர்ஸ் ஆஃப் யுவர் சால்வேஷன்." திபி என்ற நான்காம் வேற்றுமை இங்கே "யுவர்" ஆகிவிட்டது, அதனால் குறையில்லை. "எனக்கு ஒரு மகன்" என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் "ஐ ஹேவ்" என்பார்கள். லத்தீனில் "மிஹி எஸ்த் ஃபீலியுஸ்", எனக்கு மகன் இருக்கிறான், நம் மாதிரியே.

கண்டி வாசகி

எல்லாம் அழகாக இருக்கிறது சேர், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. பரீட்சை ஆங்கிலத்தில். மூன்று மணித்தியாலத்தில் இரண்டு தடவை மொழிபெயர்க்க நேரம் ஏது? அதைவிட முக்கியம், தமிழ் எல்லா இடத்திலும் துணைக்கு வராது. ஆங்கிலத்தில் "ஹூ", "விச்" இருக்கிறது, லத்தீனில் "குயீ, குவே, குவோத்" இருக்கிறது. நம்மிடம் பெயரெச்சம் மட்டும்தான். இந்த இரண்டையும் பாருங்கள்:

"பூயெர் கூயி லீப்ரும் ஏமி." ஒரு பையன், அவனுக்காக நான் புத்தகம் விலைக்கு வாங்கினேன்.
"பூயெர் ஆ குவோ லீப்ரும் அச்சேப்பி." ஒரு பையன், அவனிடமிருந்து நான் புத்தகம் பெற்றேன்.

தமிழில் இரண்டும் "நான் புத்தகம் வாங்கிய பையன்" ஆகிவிடும். லத்தீன் தெளிவாகச் சொன்ன வேற்றுமையைப் பெயரெச்சம் விழுங்கிவிடுகிறது. ஆங்கிலமோ "ஃபார் ஹூம்", "ஃப்ரம் ஹூம்" என்று நேராகக் காட்டுகிறது. இங்கே தமிழ் வழியாகப் போனால் வழி தவறும். ரோமப் பேச்சாளர் சிசெரோ மாதிரி ஒரு வாக்கியத்துக்குள் நாலு "குயீ" வைத்து எழுதுபவரிடம் இது பெரிய ஆபத்து.

பண்டாரவளை ஆசிரியர்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். "குயீ" வந்தால் தமிழைக் கூப்பிடாதீர்கள், அல்லது நீங்கள் செய்தது போல "ஒரு பையன், அவனுக்காக" என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். நேரத்தைப் பற்றி: இரண்டு தடவை எழுதச் சொல்லவில்லை. தமிழ் மனதுக்குள் மட்டும். பழகினால் வாசிக்கிற வேகத்திலேயே வரும்.

ஆனால் "செய்ய வேண்டும்" என்ற பொருளில் வரும் அமைப்பு ஒன்றுக்குத் தமிழையும் நம் பக்கத்துச் சிங்களத்தையும் கட்டாயம் கூப்பிடுங்கள். "மிஹி எயுந்தும் எஸ்த்." ஆங்கில வழிப் பிள்ளைகள் இதில் முழி பிதுங்குவார்கள். சந்தையில் சிங்களத்தில் "மட்ட யன்ன ஓன" என்று கேட்டிருப்பீர்கள். "எனக்குப் போகவேணும்." அவ்வளவுதான், உருபு உட்பட. ஆங்கிலத்தில் அந்த "எனக்கு" எழுவாயாக மாறும்: "ஐ மஸ்ட் கோ." அதேபோல "ஆக்ரிதெர் புஞ்ஞாதும் எஸ்த்" என்றால் "கடுஞ்சண்டை நடந்தது". யார் போட்டார்கள் என்று தேட வேண்டாம்.

பதுளைச் சட்டத்தரணி

நம் நாட்டுச் சட்டத்தில் ரோமன் டச்சுச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதால் எங்களுக்குத் தினமும் லத்தீன். "ஆவுதி ஆல்தெரம் பார்தெம்", மறுதரப்பையும் கேள். "நேமோ தாத் குவோத் நோன் ஹாபெத்", தன்னிடம் இல்லாததை எவரும் கொடுக்க முடியாது. இரண்டாவதில் லத்தீனும் ஆங்கிலமும் "இல்லை" என்ற மறுப்பை முதல் சொல்லிலேயே வைக்கும், தமிழ் கடைசி வினையில் வைக்கும். நீதிமன்ற மொழிபெயர்ப்புகளில் "எவருமில்லை கொடுப்பார்" என்கிற மாதிரி எழுதுவதைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். சாட்சி சொல்ல வந்த மனிதருக்கு அது விளங்க வேண்டாமா?

என் கேள்வி வேறு. இரு பொருள் வேண்டுமென்றே வைத்த வாக்கியத்தை என்ன செய்வது? ரோமக் கவிஞர் எனியுஸ் எழுதி, சிசெரோ எடுத்துக்காட்டியது:

"ஆயோ தே, ஏயாச்சிதா, ரோமானோஸ் வின்ச்செரே போஸ்ஸே."

ஏயாக்குஸ் வம்சத்தவன் என்பது எப்பிருஸ் மன்னன் பிர்ருஸ். கி.மு. 280இல் இத்தாலிக்குப் படையெடுத்தவன். அவனுக்குக் கிடைத்த தெய்வவாக்கு இது. தே (உன்னை), ரோமானோஸ் (ரோமரை) இரண்டும் இரண்டாம் வேற்றுமை. நீ ரோமரை வெல்லலாம் என்றும் ஆகும், ரோமர் உன்னை வெல்லலாம் என்றும் ஆகும். வாக்குச் சொன்ன கிரேக்கத் தெய்வம் அப்பொல்லோ லத்தீன் பேசியதே இல்லையே என்று சிசெரோ இந்தக் கதையை நம்ப மறுக்கிறார். அது சரி. ஆனால் வாக்கியம் வாக்கியம்தான். ஒரு பொருளைத் தேர்ந்து எழுதினால் வாக்கு செத்துவிடும்.

கொழுந்து (தலவாக்கலை)

இதற்கு எனக்கு விடை தெரியாது. ஆனால் எங்கள் மலையிலும் ஒரு லத்தீன் இருக்கிறது. கோப்பியை அழித்த பூஞ்சணத்துக்கு 1869இல் பெர்க்லி என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் "ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ்". முதல் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, பாதி வழவழப்பு. அதன் வித்து ஒரு பக்கம் முள்ளாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருப்பதால். இரண்டாவது, பாழாக்குபவள். கோப்பி போய்த் தேயிலை வந்ததும், நம் முன்னோர் இன்னும் கூட்டம் கூட்டமாக மலையேறியதும் அதன் பிறகுதான். ஆங்கிலத்தில் "தி டெவஸ்டேட்டர்" என்றால் பெண்பால் போய்விடுகிறது. தமிழில் "அழித்தவள்" என்று ஒரே சொல்லில் வைக்கலாம். தாவர விவரிப்பில் வரும் "ஃபோலியிஸ் ஓவாதிஸ்" கூட "முட்டை வடிவ இலைகளோடு" என்று ஓடு உருபில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

கண்டி வாசகி

சட்டத்தரணி ஐயாவின் வாக்கியத்தை இரவு முழுக்க யோசித்தேன். "நீ", "ரோமரை" என்று உருபு போட்டால் தமிழ் உடனே காட்டிக்கொடுத்துவிடும். உருபை மறைக்க ஒரே இடம் பெயரெச்சம்தான். தொல்காப்பிய உரைகளில் வரும் "புலிகொல் யானை" நினைவிருக்கிறதா? புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியர் இதைத் தடுமாறு தொழிற்பெயர் என்கிறார். நான் மேலே குறையாகச் சொன்ன அதே பண்பு இங்கே வேண்டியதாக இருக்கிறது.

"ரோமர் வெல்லும் வேந்தன் நீ."

பண்டாரவளை ஆசிரியர்

அம்மா, கை கொடுங்கள்! ஒரே ஒரு தடங்கல். ரோமர் உயர்திணை. உயர்திணைப் பெயரில் ஐ உருபை நாம் சாதாரணமாக விடமாட்டோம். அதனால் காது கேட்டவுடன் "ரோமர்" எழுவாய் என்றே எடுக்கும், ஒரு பொருள் முந்திவிடும். இரண்டு பொருளும் சமமாக நின்றால்தான் பிர்ருஸ் ஏமாறுவான். அதோடு "போஸ்ஸே", முடியும் என்பதும் உள்ளே வர வேண்டும்.

மழைமுகில் (ஹட்டன்)

அஃறிணையாக்கிவிட்டால்?

"ஏயாக்குஸ் குலத்தவனே, சொல்கிறேன்: ரோமப் படை வெல்லவல்ல வேந்தன் நீ."

படைக்கு ஐ இல்லாமலே வரும். படையை வெல்லவல்ல வேந்தன், படை வெல்லவல்ல வேந்தன், இரண்டும் ஒரே எடை.

பதுளைச் சட்டத்தரணி

இதுதான் நான் தேடியது. எழுதி வைத்துக்கொண்டேன்.

பண்டாரவளை ஆசிரியர்

நானும். மகள், ஆங்கிலத்துக்கும் இதே வாசல்தான் என்பதைக் கவனியுங்கள். ஷேக்ஸ்பியர் ஆறாம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில், ஹென்றி பதவி நீக்கப்போகும் பிரபுவா, ஹென்றியைப் பதவி நீக்கப்போகும் பிரபுவா என்று தெரியாதபடி ஒரு குறி சொல்ல வைப்பார். "தேட்" என்ற சொல்லுக்குப் பின்னால் பெயரையும் வினையையும் அடுக்கி அதைச் செய்கிறார். பிறகு ஒரு பாத்திரம் அதை வாசித்துவிட்டு, நம் லத்தீன் வரியையே சொல்லிக்காட்டும்.

மழைமுகில் (ஹட்டன்)

அப்படியானால் "யூ ஆர் தி கிங் தேட் ரோம் கேன் கான்கர்"? இன்றைய காதுக்கு ரோம் வெல்வது மட்டும்தான் கேட்கிறது. "கேன்" வினையை ரோமோடு ஒட்டிவிடுகிறது.

பண்டாரவளை ஆசிரியர்

ஆம், இன்றைய ஆங்கிலத்தில் சொல்லின் வரிசைதான் எழுவாயைத் தீர்மானிக்கிறது. பழைய செய்யுள் நடையில் "தேட் ரோம் ஷால் கான்கர்" என்றால் ஓரளவு நிற்கும். பரீட்சையில் அந்த நடையை முயல வேண்டாம். முதல் பொருளை இயல்பான ஆங்கிலத்தில் எழுதுங்கள்: "ஐ டெல் யூ, சன் ஆஃப் ஏயாக்குஸ், தேட் யூ கேன் டிஃபீட் தி ரோமன்ஸ்." அதன் கீழேயே, இரண்டு பெயரும் இரண்டாம் வேற்றுமையில் நிற்பதால் ரோமர் உன்னை வெல்லலாம் என்றும் பொருள்படும், அது வேண்டுமென்றே வைத்தது என்று ஒரே வரியில் குறிப்பு எழுதுங்கள். தாளில் பக்கத்து ஓரம் காலியாக இருந்தால் இரண்டாவது மொழிபெயர்ப்பையும் முழுதாக எழுதிவிடுங்கள்.